330 ரூபாய்க்காக ஏலத்தை ஏற்றிவிடுவது

ஏலச்சீட்டில் "இந்த மாசம் யாருக்கு விழுந்துச்சு?" என்று கேட்பார்கள், ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி. விழுந்தவர் யார்? கூடியிருந்த எல்லோரையும் விடக் குறைவான பணத்தை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தவர். பணத்தேவை யாருக்கு அதிகமோ அவர்தான் பெரும்பாலும் ஜெயிப்பார். அவர் விட்டுக்கொடுத்த பணத்தை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

இதனால் சீட்டே பாவம் என்று சொல்லிவிட முடியாது. காத்திருப்பவருக்குக் கூலி வேண்டும், அவசரக்காரர் அதைக் கொடுக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்த ஏலத்துக்குள்ளேயே நேர்மையான கேள்வி ஒன்று இருக்கிறது, நேர்மையில்லாத கேள்வி ஒன்றும் இருக்கிறது (ஏலம் கேட்பதைத்தான் கேள்வி என்கிறேன்). பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். கணக்குப் போட்டால்தான் பிரித்துப் பார்க்க முடியும்.

ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 20 பேர், 20 மாதம், மாதம் 5,000. நடத்தும் கம்பெனிக்குக் கமிஷன் 5 சதவீதம். (1982-ஆம் ஆண்டு சிட் ஃபண்ட் சட்டம் அனுமதித்த உச்சம் அதுதான். 2019-இல் வந்த திருத்தம் அதை 7 ஆக்கிவிட்டது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று பழைய 5-ஐயே வைத்துக்கொள்கிறேன்.) முதல் மாதச் சீட்டு கம்பெனிக்கு (20 பேரில் அதுவும் ஒன்று), தள்ளு, அதாவது எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தொகை, எதுவும் இல்லாமல் முழுத்தொகை. சட்டமே அதற்கு இடம் தருகிறது. இரண்டாம் மாதம் ஒருவர் 26,600 தள்ளி எடுக்கிறார். அதன்பின் தள்ளு மாதம் 1,200 குறைந்துகொண்டே வந்து, 20-ஆம் மாதம் கமிஷன் 5,000 மட்டும் கழிகிறது. நடைமுறையில் இப்படிச் சீராக இறங்காது. ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கும், தீபாவளிக்கு முன்னும், கல்யாண மாதங்களிலும் தள்ளு எகிறும். கணக்குக்காக நேர்கோடாக வைத்திருக்கிறேன்.

இரண்டாம் மாதம் எடுத்தவர் கையில் வாங்குவது 73,400. அவர் தள்ளிய 26,600-இல் கமிஷன் 5,000 போக மீதி 21,600. அதை 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,080 கழிவு. ஆகவே அந்த மாதத் தவணை 3,920. (சில கம்பெனிகள் கழிவை அடுத்த மாதத் தவணையில் குறைப்பார்கள். பதிவில்லாத சில சீட்டுகளில், ஏற்கெனவே எடுத்துவிட்டவருக்குக் கழிவே கிடையாது. சேரும்முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.) 20 மாதக் கழிவையும் கூட்டினால் ஆளுக்கு 10,260. ஆக, ஒவ்வொருவரும் கட்டும் மொத்தப் பணம் 89,740.

இரண்டாம் மாதம் எடுத்தவர் 89,740 கட்டி 73,400 வாங்கியிருக்கிறார். வித்தியாசம் 16,340. எடுப்பதற்குள் அவர் கட்டியிருப்பது 8,920 மட்டும்தான். எனவே அவர் வாங்கிய உண்மையான கடன் 64,480. அதை 18 தவணைகளில் 80,820 ஆகத் திருப்பித் தருகிறார். வட்டி மாதம் நூற்றுக்கு ஏறக்குறைய 2 ரூபாய் 40 காசு. ஆண்டுக்கு 29 சதவீதம்.

கடைசி மாதம் எடுத்தவர் 89,740 கட்டி 95,000 வாங்குகிறார். லாபம் 5,260. அவருக்கு இது ஆண்டுக்கு ஏழரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான வட்டி. வங்கியின் தொடர் வைப்பில் கிடைப்பதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஒருவர் 29 சதவீதம் கொடுக்கிறார், இன்னொருவருக்கு ஏழு சொச்சம்தான் கிடைக்கிறது. நடுவில் உள்ளது எங்கே போனது? 2-ஆம் மாதத்திலிருந்து 15-ஆம் மாதம் வரை எடுத்த 14 பேரும், கட்டியதை விடக் குறைவாக வாங்கினார்கள். அவர்களுடைய மொத்தக் குறைவு 1,19,560. கடைசி ஐந்து மாதங்களில் எடுத்த ஐந்து பேர் கட்டியதை விடக் கூடுதலாக வாங்கினார்கள். அவர்கள் லாபம் அத்தனையும் சேர்த்து 14,300. மீதி 1,05,260 கம்பெனிக்கு: 19 மாதக் கமிஷன் 95,000, முதல் சீட்டைத் தள்ளாமல் எடுத்ததில் 10,260. இது போக, முதல் மாதமே வந்த ஒரு லட்சத்தை 20 மாதம் புழக்கத்தில் விடும் வசதி.

கம்பெனியைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பதிவு செய்த கம்பெனி, சீட்டுத் தொகைக்கு ஈடான பாதுகாப்பை அரசின் சீட்டுப் பதிவாளர் பெயரில் கட்டி வைக்க வேண்டும். யாராவது தவணை கட்டாமல் ஓடினாலும், அந்த மாதம் எடுத்தவருக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். ஆபீஸ், வசூல் ஆள், கோர்ட் செலவு எல்லாம் உண்டு. அதற்குக் கூலி நியாயமே. ஆனால் உறுப்பினர்கள் ஒருவர் பணத்தை இன்னொருவர் பறிப்பதாக நினைத்து மல்லுக்கட்டும் இந்த இடத்தில், அவர்களுக்குள் உண்மையில் கைமாறுவது 14,300 ரூபாய்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது ஏற்றிவிடும் கதைக்கு வருவோம். மூன்று தரம் சொல்வதற்குள், பணம் தேவைப்படாத ஒருவர் தேவைப்படுகிறவரின் முகத்தைப் பார்த்து "இருபத்தொண்ணு", "இருபத்திரெண்டு" என்று கேட்டுக்கொண்டே போவது எல்லா ஊர்ச் சீட்டிலும் உண்டு. ஆஸ்பத்திரிச் செலவு என்று தெரிந்துவிட்டால் இன்னும் தெம்பாகக் கேட்பார்கள். அவர் எப்படியும் எடுத்தே தீருவார் என்று தெரியுமே.

நம் உதாரணத்தில், அந்த இரண்டாம் மாதத்துக்காரர் போட்டியில்லாமல் இருந்திருந்தால் 20,000 தள்ளி எடுத்திருப்பார் என்று வையுங்கள். ஏற்றிவிட்டதால் 26,600 ஆனது. கூடுதல் 6,600. கமிஷன் சீட்டுத் தொகையின் மேல்தான் கணக்கு, எனவே அது மாறாது. 6,600 முழுவதும் கழிவாகப் பிரிந்து ஆளுக்கு 330. எடுத்தவருக்கும் அதில் ஒரு பங்கு திரும்பி வருவதால், அவருடைய நிகர நஷ்டம் 6,270. ஏற்றிவிட்டவருக்குக் கிடைத்தது அதே 330.

தன் சட்டைப்பைக்கு 330 வர, இன்னொருவர் பையிலிருந்து 6,270 எடுக்க வேண்டியிருக்கிறது. மீதி 5,940, கேட்காதவர்களுக்கும் கம்பெனிச் சீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. நேரடியாகக் கையை விட்டு எடுத்திருந்தால் யாரும் செய்யத் துணியாத காரியம் இது. 20 பேருக்குப் பொடியாகப் பிரிந்து, "இந்த மாசம் நல்ல கழிவு" என்ற பெயரில் வருவதால் யாருக்கும் உறுத்துவதில்லை.

"அவர் இஷ்டப்பட்டுத்தானே கேட்டார், யார் கட்டாயப்படுத்தினது?" என்பது வழக்கமான பதில். போட்டி என்றால் அப்படித்தான் என்பது இன்னொன்று. இரண்டாவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதனால் அதை எடுத்துக்கொள்கிறேன். போட்டியே இல்லாவிட்டால் சீட்டு கெட்டுப்போகும். எதிர்ப்பக்கத்திலும் ஒரு திருட்டு நடப்பது உண்டு: நான்கைந்து பேர் கூடிப் பேசி, "இந்த மாசம் நீ, அடுத்த மாசம் நான், யாரும் ஏத்த வேண்டாம்" என்று குறைந்தபட்சத் தள்ளிலேயே வரிசையாக எடுத்துக்கொண்டு போவார்கள். தள்ளு 5,000 என்றால் கழிவு பூஜ்யம். கடைசியில் எடுக்கலாம் என்று காத்திருக்கும் ஓய்வூதியக்காரர், மாதம் முழு 5,000 கட்டி, 20-ஆம் மாதம் 95,000 வாங்குவார். போட்டதை விடக் குறைவு. சீட்டில் சேர்ந்த எல்லோரும் சம்மதித்து இப்படிச் செய்தால் அது வேறு சமாச்சாரம். சிலர் மட்டும் பேசிவைத்துச் செய்தால், அது மற்றவர்களின் கழிவைத் திருடுவதுதான். இந்தக் கூட்டை உடைக்க, பணம் தேவைப்படாத ஒருவர் துணிந்து ஏலத்தை ஏற்றத்தான் வேண்டும்.

ஆக, தேவை இல்லாதவர் கேட்கவே கூடாது என்று விதி போட முடியாது. நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்தத் தொகையிலேயே ஏலம் என் பெயரில் நின்றுவிட்டால் எனக்குச் சந்தோஷமா? பத்தாம் மாதம் 5,000 தள்ளில் ஒருவர் எடுக்கப் பார்க்கிறார். 8,000 தள்ளினாலும் 92,000 கைக்கு வரும், அதை வியாபாரத்தில் போட்டோ பழைய கடனை அடைத்தோ எனக்கு லாபம்தான் என்று கணக்குப் போட்டவர் 8,000 கேட்டால் அது உண்மையான கேள்வி. பக்கத்து வீட்டுக்காரருக்கே அவசரம் என்றாலும் அதில் தவறில்லை. 26,000-க்கு மேல் தன் தலையில் விழுந்தால் என்ன செய்வதென்றே தெரியாமல், விழாது என்ற தைரியத்தில் கேட்பவருடையது வேறு வகை. ஏலத்தை அவர் நிறுத்தும் இடம் அவர் கணக்கில் இல்லை, எதிராளியின் முகத்தில் இருக்கிறது. சீட்டாட்டத்தில் பொய்யாக மிரட்டுவதை எல்லோரும் தெரிந்தே விளையாடுகிறார்கள். மருத்துவமனைக்குக் கட்டப் பணம் தேடி வந்தவர் அந்த ஆட்டத்துக்கு வரவில்லை.

ஏற்றிவிடுபவர்களுக்குத் தப்புவது எளிதாக இருப்பதால்தான் இது நடக்கிறது. பதிவில்லாத சீட்டுகளில் தலையில் விழுந்துவிட்டால், "சும்மா கேட்டேன், அவருக்கே கொடுத்திடுங்க" என்று நடத்துபவரிடம் சொல்லிவிடுவார்கள். நடத்துபவரும் சரி என்று, முந்தைய கேள்வியாளர் தலையில் அவருடைய கடைசித் தொகையிலேயே கட்டுவார். அந்தத் தொகை ஏற்றிவிட்டதால் வந்த தொகை என்பதை யாரும் பேச மாட்டார்கள். இதற்கு மருந்து ஒரே ஒரு விதி: மூன்று தரம் சொன்னபின் விழுந்தவர் எடுத்தே ஆகவேண்டும். ஜாமீன் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். பின்வாங்கினால் அந்த ஏலம் ரத்து, அந்த மாதம் அவர் இல்லாமல் முதலிலிருந்து புது ஏலம். இந்த விதியை முதல் மாதமே நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினால், வேடிக்கைக்குக் கேட்பவர்களில் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள்.

நடத்துபவரே ஏற்றிவிடுவது அதைவிட மோசம். கமிஷன் நிலையானது, தள்ளு ஏறினால் அவருக்கு என்ன லாபம் என்று தோன்றும். ஆள் சேராத சீட்டுகளை அவர் தன் மச்சான் பெயரிலும் மாமியார் பெயரிலும் போட்டு வைத்திருந்தால்? நான்கு பினாமிச் சீட்டு என்றால் நமது கணக்கில் 330 என்பது 1,320 ஆகிவிடும், அதுவும் ஒரே மாதத்தில். "போன்ல ஒருத்தர் இருபத்தி நாலு கேக்கிறார்" என்பது இதற்கான கருவி. இப்போது வாட்ஸ்அப் குழுவில் ஏலம் நடக்கும் இடங்களில் இது இன்னும் சுலபம். பிடிப்பதற்கு வழி, ஏலக் குறிப்பேட்டைக் கேட்பது. ஒவ்வொரு மாதமும் யார் எவ்வளவு கேட்டார், யார் இரண்டாவதாக நின்றார் என்று ஆறு மாதம் எழுதி வையுங்கள். எப்போதும் இரண்டாவதாகவே நின்று ஒருமுறையும் எடுக்காத ஒரு பெயர் இருந்தால், அந்தச் சீட்டுக்குத் தவணை யார் கட்டுகிறார் என்று விசாரியுங்கள்.

பதிவு செய்த சீட்டில் குறைந்தது இரண்டு சந்தாதாரர்கள் முன்னிலையில் ஏலம் நடக்க வேண்டும் என்பது சட்டம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அவர்கள் வீடியோ வழியாகவும் கலந்துகொள்ளலாம். நடவடிக்கைக் குறிப்பில் கையெழுத்து வேண்டும், அதன் நகல் பதிவாளருக்குப் போக வேண்டும். தள்ளுக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. இரண்டு மூன்று பேர் அந்த உச்சத்துக்கே தயார் என்றால் குலுக்கல்தான், அதற்கு மேல் போட்டி போட முடியாது. ஏலத்தின் கொடுமைக்கு ஒரு எல்லை வைத்தது இந்தச் சட்டத்தின் நல்ல காரியம். தகராறு வந்தால் சிவில் கோர்ட்டுக்கு அலையாமல் பதிவாளரிடம் மனு கொடுக்கலாம். பதிவில்லாத சீட்டில் இது எதுவும் கிடையாது. விலக்கு வரம்புக்கு மேல் என்றால் அதை நடத்துவதே குற்றம். 1982 சட்டம் விலக்குக் கொடுத்தது 100 ரூபாய்க்கு மேற்படாத சீட்டுக்கு மட்டும். 2019 வரை அந்த 100 ரூபாய் அப்படியே இருந்தது என்பது தனி நகைச்சுவை. அந்த ஆண்டுத் திருத்தம்தான் வரம்பை முடிவு செய்வதை மாநில அரசிடம் விட்டது.

தெருவில் பெண்கள் சேர்ந்து நடத்தும் சீட்டுகளில் ஏலமே இல்லாமல் குலுக்கிப் போடுவது நியாயமானது என்று பலர் நினைக்கிறார்கள். தள்ளு இல்லை, யாரும் யாரையும் பிழிவதில்லை என்பது உண்மை. ஆனால் முதலில் பெயர் வந்தவருக்கு வட்டியில்லாக் கடன், கடைசிப் பெயருக்கு வட்டியில்லாச் சேமிப்பு. அங்கே காத்திருப்பின் செலவு அதிர்ஷ்டத்தின் கையில் இருக்கிறது. பெயர் வந்தவர் அவசரக்காரருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால் இந்த முறை நன்றாகவே ஓடும். (விழுந்தவர் மேற்கொண்டு தவணை கட்ட வேண்டாம் என்று சொல்லும் பரிசுச் சீட்டு வேறு. அது 1978 முதல் தடை.)

எடுத்துவிட்டுக் கட்டாமல் போவதும் பிறர் செலவில் ஜெயிப்பதுதான். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்ட ஜாமீன்தாரரின் சம்பளத்தில் பிடித்தம் வரும், அவ்வளவுதான் விஷயம்.

அவசரக்காரர் தரப்பில் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. ஏலத்துக்கு முன் காரணத்தைச் சொல்லாதீர்கள், நடத்துபவரிடமும்தான். உங்கள் உச்சத் தொகையை வீட்டிலேயே எழுதிக்கொண்டு, வாய்ப்பிருந்தால் உங்களுக்குப் பதிலாகப் பதற்றமில்லாத ஒருவரைக் கேட்க அனுப்புங்கள். உச்சத் தொகையைக் கண்டுபிடிக்கக் கைக்கணக்கு இது: எடுக்கும் தொகையிலிருந்து இதுவரை கட்டியதைக் கழித்தால் உண்மையான கடன். இனிக் கட்ட வேண்டியதிலிருந்து (இதே கம்பெனியின் முந்தைய குரூப்பில் வந்த கழிவை வைத்து மதிப்பிடுங்கள்) அந்தக் கடனைக் கழித்தால் வட்டி. அந்த வட்டியை, மீதித் தவணைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கிய எண்ணால் வகுத்தால் மாத வட்டி. இரண்டாம் மாதத்துக்கு 16,340-ஐ 9.5-ஆல் வகுத்தால் 1,720. அது 64,480-க்கு நூற்றுக்கு 2.7. துல்லியமான 2.4-ஐ விடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், முடிவெடுக்கப் போதும்.

இந்தக் கணக்கைப் பத்தாம் மாதத்துக்குப் போட்டுப் பாருங்கள், அங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தள்ளு 17,000, கைக்கு 83,000. 26,600-ஐப் பார்த்த கண்ணுக்கு மலிவாகத் தெரியும். ஆனால் அதில் 42,440 நீங்களே கட்டிய பணம். உண்மையான கடன் 40,560 மட்டும். இனிக் கட்டுவது 47,300. வட்டி 6,740, அதை 5.5-ஆல் வகுத்தால் மாதம் 1,225. நூற்றுக்கு மூன்று ரூபாய். உங்கள் சொந்தச் சேமிப்புக்கு வட்டி எதுவும் கணக்கில் வைக்காமலே இப்படி. இரண்டாம் மாதம் எடுத்தவரை விட வட்டி அதிகம்.

நகை இருந்தால், ஏற்றிவிடுபவரிடமிருந்து தப்ப ஒரு வழி உண்டு. உங்கள் உச்சம் தாண்டியதும் நிறுத்திவிடுங்கள், அவர் தலையிலேயே விழட்டும். அந்த 73,400-க்கு நகையை வங்கியில் வைத்தால், மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றாலும் 734 வட்டி. அடுத்த மாதம் தள்ளு நம் உதாரணப்படி 1,200 குறைந்து நிற்கும். போட்டிக்கு ஒரு ஆளும் குறைந்திருப்பார், ஏனென்றால் ஒரு சீட்டை ஒருவர் ஒருமுறைதான் எடுக்க முடியும்.